பச்சை உடம்புக்காரிக்கு ஆள் வைப்பது ஆடம்பரமா?

காஞ்சிபுரம் காமாட்சியம்மன் கோயிலுக்குப் போனால் சந்தான ஸ்தம்பத்தைச் சுற்றி வரும் ஜோடிகளைப் பார்க்கலாம். பிள்ளை வரம் கேட்டு எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். பிள்ளை பிறப்பதற்கு நம்மிடம் கோயில் இருக்கிறது, விரதம் இருக்கிறது, இப்போது பெரிய பெரிய போர்டு வைத்த கருத்தரிப்பு மையங்களும் இருக்கின்றன. பிறந்த பிறகு? அந்தப் பச்சை உடம்புக்காரியை நாற்பது நாள் யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டால் மட்டும் ஊரில் எல்லாரிடமும் ஒரே பதில்தான். "ஏன், அவங்கம்மா இருக்காங்களே!"

இந்தப் பதிலைப் பற்றித்தான் இன்று எழுதப் போகிறேன். கல்யாணமே ஆகாத, கல்லூரியில் பொருளாதாரம் படிக்கிற பெண்ணுக்கு இதில் என்ன பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். போன வருஷம் என் அக்காவுக்குப் பிள்ளை பிறந்தது. அந்த நாற்பது நாளும் வீட்டில் கூடமாட இருந்தவள் நான். தவிர, கூலி எப்படித் தீர்மானமாகிறது என்று பாடத்தில் பக்கம் பக்கமாகப் படிக்கிறோம். கூலியே இல்லாத வேலையைப் பற்றி அதில் அரைப் பக்கம்தான் இருக்கிறது. மீதியை வீட்டில்தான் படிக்க வேண்டியிருந்தது.

முதலில் எங்கள் ஊர்த் தறி வீட்டைப் பற்றிக் கொஞ்சம்.

பட்டுத் தறி என்றதும் எல்லாருக்கும் குழிக்குள் கால் வைத்து உட்கார்ந்திருக்கும் ஓர் ஆண்தான் நினைவுக்கு வருவார். சேலைக்குக் கூலி வாங்குவதும் பெரும்பாலும் அவர்தான். ஆனால் நாடாவுக்குள் போகும் தாரைச் சுற்றியது யார்? இழை அறுந்தால் அடுப்பை விட்டு ஓடி வந்து பிணைத்தது யார்? கோர்வைச் சேலைக்குத் தறியில் ஓர் ஆள் போதாது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்பதால் கரை நாடாவைப் போட்டு வாங்கப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். ஒரு காலத்தில் அந்த இடத்தில் சின்னப் பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு பிள்ளைகளைத் தறிக்கு அனுப்பியது 1990-களில் நாட்டுக்கே தெரிந்த கதை. அது குறைந்த பிறகு பல வீடுகளில் அந்த இடத்துக்கு வந்தது மனைவி. கூலி சேலைக்குத்தான், ஆளுக்கு இல்லை. அதனால் அவளுக்கென்று தனியாக எதுவும் கிடையாது.

இப்போது அந்த மனைவிக்குப் பிரசவம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாரமே தறிக்காரருக்குத் தார் சுற்ற ஆள் வேண்டும். வைக்கிறார். காசு கொடுக்கிறார். "ஏம்பா, தார் சுத்த வெளி ஆளா? குடும்ப கௌரவம் என்னாவது?" என்று யாரும் கேட்பதில்லை. தொழில் நிற்கக் கூடாதில்லையா! அதே வீட்டில் அதே வாரம் பிள்ளையைக் குளிப்பாட்டவும் துணி அலசவும் ஓர் ஆயாவை வைத்துப் பாருங்கள். "பெத்த பொண்ணுக்குச் செய்யக்கூட உனக்கு உடம்பு வணங்கலையா?" என்று பெரிம்மாவிலிருந்து எதிர்வீட்டுக்காரர் வரை கேட்டுவிடுவார்கள். எங்கள் அம்மாவைக் கேட்டார்கள். அம்மா பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

இரண்டுமே நேற்றுவரை அவள் சும்மா செய்துகொண்டிருந்த வேலைகள். ஒன்றுக்கு ஆள் வைத்தால் அது செலவுக் கணக்கு, இன்னொன்றுக்கு ஆள் வைத்தால் அது சோம்பேறித்தனம். இந்த வித்தியாசத்துக்கு ஒரு காரணமும் எனக்குப் புரியவில்லை. இது எங்கள் ஊர்க் கதை மட்டுமில்லை. 2024-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் கூலியில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஒரு நாளில் அதற்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். செய்கிற ஆண்கள் 88 நிமிடம். பிள்ளை, பெரியவர்களைப் பார்த்துக்கொள்வது இதில் சேராது. அதற்குத் தனிக் கணக்கு. பிரசவமான வாரத்தில் அந்த 289 நிமிட வேலை வீட்டைவிட்டு எங்கேயும் போய்விடுவதில்லை. பச்சைப் பிள்ளையின் வேலையும் மேலே வந்து ஏறுகிறது. யாரோ ஒருவர் அதைச் சுமக்கத்தான் வேண்டும்.

அந்த "யாரோ ஒருவர்" முன்பெல்லாம் எல்லா வீட்டிலும் இருந்தார் என்பது உண்மைதான். நம் ஊர்க்காரர் அண்ணாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1909-ல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். அவரை வளர்த்து ஆளாக்கியது சிற்றன்னை இராசாமணி அம்மாள். அண்ணாவுக்கு அவர் 'தொத்தா'. அந்தக் காலத்து வீடுகளில் இப்படி ஒரு தொத்தா இருப்பார். சின்னம்மாவோ, அத்தையோ, கணவனை இழந்து பிறந்த வீட்டுக்கே வந்துவிட்ட அக்காவோ. அவர்கள் கையில்தான் ஊரில் பாதிப் பிள்ளைகள் வளர்ந்தன. அவர்களுக்குக் கிடைத்தது இரண்டு வேளைச் சோறும், வருஷத்துக்கு ஒரு சேலையும், "அவ இல்லன்னா இந்த வீடே இல்ல" என்ற ஒரு வாய்ச்சொல்லும்.

இப்போதைய தொத்தா கம்பெனி பஸ் ஏறிவிட்டார். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தது, 2014-ல் மூடிவிட்டுப் போனது. ஒரகடம், சுங்குவார்சத்திரம் என்று வரிசையாக ஆலைகள். தறியை விட்டவர்களும் தறி வீட்டுப் பெண்களும் விடியற்காலையில் அந்தப் பஸ்ஸுக்குத்தான் நிற்கிறார்கள். பாட்டி ஆகிவிட்ட அம்மாக்களுக்கும் இன்று ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை, பள்ளியில் சமையல், கடையில் சேலை மடிப்பது என்று அவர்களும் ஒரு வேலையில் இருக்கிறார்கள். "அவங்கம்மா இருக்காங்களே" என்றால், அந்த அம்மா நாற்பது நாள் சம்பளத்தை விட வேண்டும் என்று அர்த்தம். அப்படிப் பார்த்தால் அம்மாவும் இலவசம் இல்லை. யார் பையிலிருந்து போகிறது என்பதுதான் கேள்வி.

பிரசவமும் பழைய பிரசவமாக இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99 பிரசவத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. பெரிய சாதனை, சந்தேகமில்லை. அதே கணக்கெடுப்பில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 45 பிரசவம் சிசேரியன். அதாவது பாதிக்குக் கொஞ்சம் குறைவான தாய்மார்கள் வயிற்றில் தையலோடு வீடு திரும்புகிறார்கள். குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்புகிறார்கள். ராத்திரி நாலு முறை எழுந்து பால் கொடுக்கவும் சொல்லி அனுப்புகிறார்கள். இரண்டையும் ஓர் ஆள் எப்படிச் செய்வது என்று யாரும் சொல்வதில்லை. மனசு வேறு இருக்கிறது. வளரும் நாடுகளில் பிள்ளை பெற்ற பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மனநலப் பாதிப்பு, பெரும்பாலும் மன அழுத்தம், வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தூக்கம் கெட்டு, தனியாக, அழுகிற பிள்ளையோடு உட்கார்ந்திருப்பவளுக்கு இரண்டு மணி நேரம் கை மாற்ற ஓர் ஆள் வந்தாலே அது மருந்து. அக்காவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

சரி, ஆள் வைக்கலாம் என்று முடிவு செய்துவிட்டோம். யார் அந்த ஆள்? எனக்கு உண்மையில் உறுத்துவது இந்த இடம்தான்.

எங்கள் பாட்டி காலத்தில் மருத்துவச்சி வருவார். பெரும்பாலும் நாவிதர் சமூகத்துப் பெண்கள், தலைமுறை தலைமுறையாக இந்தத் தொழில் தெரிந்தவர்கள். தீட்டுத் துணியை எடுத்துப் போக சலவைத் தொழிலாளர் வீட்டுப் பெண் வருவார். பணமாகக் கிடைத்தது கொஞ்சம். மீதி நெல்லும் பழைய சேலையும் வெற்றிலை பாக்கும். ஆகவே "அந்தக் காலத்தில் எல்லாம் சொந்தக்காரங்களே செஞ்சாங்க, காசுக்கு ஆள் வெச்சதே இல்ல" என்பது பாதிக் கதைதான். ஆள் இருந்தார்கள். அவர்களைத் தொழிலாளி என்று எண்ணாததால் நமக்கு ஞாபகம் இல்லை.

பிரசவம் ஆஸ்பத்திரிக்குப் போனதும் மருத்துவச்சியின் முக்கால் தொழில் போய்விட்டது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது, சாம்பிராணி காட்டுவது, தாய்க்கு ஒத்தடம், பத்தியச் சாப்பாடு, துணி அலசுவது, இவை மட்டும் வீட்டில் தங்கின. இப்போது தெருவில் "பிள்ளை குளிப்பாட்டுற ஆயா" என்று கேட்டால் யாராவது ஒருவரைக் காட்டுவார்கள். காலை நீட்டி உட்கார்ந்து, கெண்டைக்கால்மேல் பிள்ளையைப் படுக்க வைத்து, ஒரு கையால் தலையைத் தாங்கிக்கொண்டு, கண்ணிலும் காதிலும் தண்ணீர் போகாமல் அவர் ஊற்றுகிற அழகைப் பார்த்தால், அது இரண்டு நாளில் பழகிவிடுகிற வேலையில்லை என்று தெரியும். எங்கள் வீட்டில் அந்த ஆயா வந்த பிறகுதான் அக்கா ஒரு முழு மணி நேரம் தூங்கினாள்.

ஆனால் அந்த ஆயாவுக்குக் காபி கொடுத்தது தனி டம்ளரில். அது நம் தெருவில் புதுசில்லை, பல வீடுகளில் கொல்லைப்புறத்து மாடத்தில் அப்படி ஒரு டம்ளர் இருக்கும். பத்து நாள் பிள்ளையைத் தலை முதல் கால் வரை அவர் தொடலாம், டம்ளரைத் தொட்டால் மட்டும் ஒட்டிக்கொள்ளுமா? இந்த வேலைக்குக் கூலி ஏன் இவ்வளவு குறைவு என்று பொருளாதாரப் புத்தகத்தில் தேடினால் கிடைக்காது. தீட்டு என்று நினைத்த வேலையை, தீட்டு என்று நினைத்த ஆட்களிடம் தள்ளிவிட்டோம். அதற்குப் பேரம் பேசுவதும் அங்கிருந்து வந்த பழக்கம்தான்.

எவ்வளவு பேரம் என்கிறீர்கள்? வளைகாப்புக்கு மண்டபம் எடுக்கிறோம், போட்டோவுக்கு ஆள் வைக்கிறோம், ஊரே பட்டு நெய்கிற ஊரில் பட்டெடுக்காமல் விடுவோமா, அதுவும் எடுக்கிறோம். அதற்கெல்லாம் கேட்ட காசு. ஆயாவிடம் மட்டும் "மத்த வீட்ல இவ்ளோதானே வாங்குற" என்று பத்து ரூபாய்க்கு நிற்கிறோம். 2018-ல் தமிழக அரசு வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி அறிவித்தது. மணிக்கு 37 ரூபாயிலிருந்து 39 ரூபாய் வரை. இரண்டு மணி நேரத்துக்கு, மேல்தட்டுக் கணக்கிலேயே, 78 ரூபாய். இதுவே கம்மி என்பது என் கருத்து. இப்படி ஒரு அறிவிப்பு இருப்பதே தெரியாத வீடுகள்தான் நான் விசாரித்ததில் அதிகம்.

ஒரே தெருவில் நாலு பெண்களை நிறுத்திப் பாருங்கள். முதல் பெண் அரசுப் பள்ளி ஆசிரியை. 2021 ஜூலையிலிருந்து தமிழக அரசு ஊழியருக்குச் சம்பளத்தோடு 12 மாத மகப்பேறு விடுப்பு. இரண்டாவது பெண் ஆலைத் தொழிலாளி. 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம். (அதுவும் வேலைக்கு எடுத்தால்! ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையில் மணமான பெண்களை எடுப்பதைத் தவிர்க்கிறார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. குடும்பப் பொறுப்பும் கர்ப்பமும் காரணமாகச் சொல்லப்பட்டன. பாகுபாடு காட்டவில்லை என்று நிறுவனம் மறுத்தது.) மூன்றாவது பெண் தறிக்காரரின் மனைவி. அவளுக்கு முதலாளி கிடையாது, அதனால் விடுப்பும் கிடையாது. ஏழைக் குடும்பமாக இருந்தால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய். அதில் 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகமாக வரும். நாலாவது பெண், இந்த மூன்று வீட்டிலும் பிள்ளை குளிப்பாட்டப் போகிற ஆயாவின் மகள். தானும் வீட்டு வேலைதான் செய்கிறாள். 2007-ல் அமைத்த வீட்டுப் பணியாளர் நல வாரியத்தில் பதிந்திருந்தால் ஏதோ கொஞ்சம் உதவி உண்டு. அவளுக்குப் பிள்ளை பிறந்தால் குளிப்பாட்ட யார் போவது? ஆயாதான் காலையில் நம் வீட்டில் இருக்கிறாரே!

இதற்குப் பதில் "அதனால்தான் யாரும் ஆள் வைக்கக் கூடாது" என்பது இல்லை. ஆள் வைக்காவிட்டால் அந்த ஆயாவுக்கு அந்தக் காசும் போய்விடும், நம் வீட்டு அம்மாவுக்கு இடுப்பும் போய்விடும். வைக்க வேண்டும், ஒழுங்காக வைக்க வேண்டும்.

எதிர்த்தரப்பு வாதங்களையும் பார்த்துவிடுவோம். "அம்மா கை மாதிரி வருமா?" வராது. அதற்காகத்தான் சொல்கிறேன். துணி அலசுவதையும் பாத்திரத்தையும் வேறு ஆள் பார்த்தால், அம்மா அம்மாவாகப் பக்கத்தில் உட்காரலாம். "முன்பின் தெரியாதவர் கையில் பச்சைப் பிள்ளையை எப்படிக் கொடுப்பது?" நியாயமான பயம். இருமல், சளி இருக்கிறதா என்று கேளுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள், முதல் வாரம் கூடவே இருங்கள். மூக்கில் எண்ணெய் விடுவது, மூக்கில் ஊதிச் சளி எடுப்பது, சர்க்கரைத் தண்ணீரும் கழுதைப் பாலும் புகட்டுவது, இதெல்லாம் வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்தான் என்று டாக்டர்கள் சொல்வதை அவரிடமும் சொல்லுங்கள். ஆயாவைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருக்கு யாரும் பயிற்சி கொடுத்ததில்லை. அந்த மூக்கு எண்ணெய் நம் பாட்டிகளும் விட்டதுதான்.

"புருஷன் என்ன செய்கிறான்?" இது நான் எதிர்பார்த்த கேள்வி! தனியார் வேலையில் தந்தைக்கு விடுப்பு என்று சட்டமே கிடையாது. மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் உண்டு. நம் தறிக்காரர் விஷயம் வேறு. அவர் வேலை செய்வதே வீட்டுக் கூடத்தில். பிள்ளை அழுகிற சத்தம் தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்கும். நாடாவை நிறுத்திவிட்டு எழுந்து போய்த் துணி மாற்ற எந்தச் சட்டமும் தேவையில்லை.

"இதெல்லாம் காசிருக்கிறவன் பேச்சு." இதுதான் பலமான வாதம். ஒப்புக்கொள்கிறேன். சேலைக்குச் சேலை கூலி வாங்குகிற வீட்டில் நாற்பது நாள் ஆள் வைக்க முடியாது. அதனால்தான் இதை வீட்டுக்கு வீடு தீர்த்துக்கொள்ளட்டும் என்று விடக் கூடாது என்கிறேன். நெதர்லாந்தில் பிள்ளை பிறந்ததும் பயிற்சி பெற்ற ஒரு பெண் வீட்டுக்கே வருகிறார். எட்டுப் பத்து நாளில் குறைந்தது 24 மணி நேரம், தேவைப்பட்டால் 80 மணி நேரம் வரை. தாயின் தையலைப் பார்ப்பார், பால் கொடுக்கச் சொல்லித் தருவார், சின்னச் சின்ன வீட்டு வேலையும் செய்வார். எல்லாருக்கும் உள்ள அடிப்படைக் காப்பீடே பெரும் செலவை ஏற்கிறது. அங்கே அது ஆடம்பரமில்லை, தடுப்பூசி மாதிரி ஒரு சாதாரண விஷயம்.

பணக்கார நாடு, அங்கே முடியும் என்பீர்கள். நம் அரசும் வீட்டுக்கு ஆள் அனுப்பாத அரசு இல்லை. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. பெண் தன்னார்வலர்கள் தெருத் தெருவாக நடக்கிறார்கள். 2015-ல் கொண்டுவந்த குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்தில் சோப்பு, துண்டு, கிலுகிலுப்பையோடு தாய்க்குச் சௌபாக்கிய சுண்டி லேகியம்கூட வைத்தார்கள். லேகியம்வரை யோசித்தவர்களுக்கு அதை உருட்டிக் கையில் கொடுக்கிற ஆளைப் பற்றி யோசிப்பது பெரிய தூரமில்லை. ஊர் ஊருக்கு இருக்கும் இந்த ஆயாக்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு மாதப் பயிற்சி, ஒரு அடையாள அட்டை, பிரசவமான வீட்டுக்குப் பத்து நாள் தினம் இரண்டு மணி நேரம், கூலி அரசிடமிருந்து. கையில் தொழில் ஏற்கெனவே இருக்கிறது. வேண்டாத பழக்கங்களை மட்டும் கழித்தால் போதும்.

அரசு செய்கிறவரை நாம் செய்யக்கூடியது இருக்கிறது. என்ன வேலை, எத்தனை மணி நேரம், என்ன கூலி என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். வாரம் ஒரு நாள் லீவு, கூலி பிடிக்காமல். துணி அலசவும் பிள்ளை குளிப்பாட்டவும் ஒரே ஆள் என்றால் இரண்டு கூலி. வாரியத்தில் பதிந்திருக்கிறாரா என்று கேளுங்கள், இல்லையென்றால் வீட்டில் படித்த பிள்ளை யாராவது கூடப் போய்ப் பதிந்து கொடுங்கள். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வீட்டுப் பணியாளர்களுக்குத் தனிச் சட்டம் தேவையா என்று ஆராயக் குழு அமைக்கும்படி மத்திய அரசிடம் சொல்லியிருக்கிறது. சட்டம் வரட்டும், நல்லது. நம் வீட்டுக் காபி டம்ளருக்குச் சட்டம் தேவையில்லை.

ஊரில் இனி யாராவது "பிரசவத்துக்கு ஆள் வெச்சிருக்காங்களாமே" என்று இழுத்துப் பேசினால், "எவ்வளவு கூலி கொடுக்கிறாங்களாம்?" என்று திருப்பிக் கேளுங்கள். வெட்கப்பட ஏதாவது இருந்தால் அந்தப் பதிலில்தான் இருக்கும்.